வாசகர் கேள்விகள்: அமெரிக்கக் காவல் அதிகாரி உரிமம் யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவில் காவல் பணியில் சேர விரும்பும் இளைஞர்கள், அவர்களுடைய பெற்றோர், சட்டத்தின் மீதுள்ள ஆர்வத்தால் மட்டுமே எழுதியவர்கள் எனப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாக விதி வகுத்திருப்பதால் எல்லாவற்றையும் இங்கே அடக்க இயலாது. ஆகவே அதிகக் கேள்விகள் வந்த மின்னெசோட்டா, டெக்சாஸ், கலிஃபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களை முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் மாநிலம் உரிமம் வழங்குவது தெரியும். காவல் அதிகாரிக்கும் அப்படி ஓர் உரிமம் தேவையா? வேலைக்கு எடுக்கும் காவல் துறையின் நியமனம் ஒன்றே போதாதா?

போதாது. ஆனால் இது அவ்வளவு பழைய ஏற்பாடும் அன்று. அமெரிக்காவில் நகரம், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உட்பிரிவு), மாநிலம், பல்கலைக்கழகம் என வெவ்வேறு அமைப்புகளின் கீழ் சுமார் 18,000 காவல் துறைகள் இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய ஆட்களைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாமே ஊதியம் தரும் சிறிய துறைகள். நெடுங்காலம் வரை, ஊர்க் காவல் தலைவரோ கவுன்ட்டியின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரிஃபோ யாருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தாரோ அவரே காவலர். அவர் என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்று கேட்க மாநில அளவில் எவரும் இல்லை. 1959-இல் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் காவலர் பயிற்சிக்கெனத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின. 1967-இல் குடியரசுத் தலைவர் அமைத்த குற்றத் தடுப்பு ஆணையம், எல்லா மாநிலங்களும் இத்தகைய அமைப்புகளை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதில் மின்னெசோட்டா ஒரு படி மேலே சென்றது. 1977-இல் அம்மாநிலச் சட்டமன்றம் காவல் பணியை உரிமம் பெற்றே செய்ய வேண்டிய தொழில் என்று அறிவித்து, அதற்கென ‘போஸ்ட் வாரியம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தர மற்றும் பயிற்சி வாரியத்தை அமைத்தது. காவலருக்கு உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுவே. டெக்சாஸிலும் ‘உரிமம்’ என்ற சொல்லே வழங்குகிறது. கலிஃபோர்னியா ‘சான்று’ என்கிறது. நியூஜெர்சி மிகவும் தாமதமாக, 2022-இல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பெயர் எதுவானாலும் கருத்து ஒன்றுதான்: வேலையைத் தருவது ஊர், அந்த வேலையைச் செய்யும் தகுதியை உறுதி செய்வது மாநிலம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன என்பதை, இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தபோது மறுபடியும் உணர்ந்தோம்.

கேள்வி: நாங்கள் மின்னெசோட்டாவில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளி முடிந்ததும் நேராகக் காவலர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஆறே மாதத்தில் காவலராகிவிடலாம் என்கிறான். அது நடக்குமா?

உங்கள் மகன் வேறு ஏதோ ஒரு மாநிலத்தின் நடைமுறையைக் கேட்டறிந்திருக்கிறார் போலும், அம்மா. பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிச் சான்று இருந்தாலே பயிற்சிப் பள்ளியில் சேரலாம். மின்னெசோட்டாவில் அப்படி இல்லை. அங்கே உரிமம் பெற, அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் குறைந்தது இரண்டாண்டுப் பட்டம் முடித்திருக்க வேண்டும். அத்துடன் வாரியம் ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் நடத்தப்படும் காவல் தொழிற்கல்வியையும் முடிக்க வேண்டும். சட்டம், விசாரணை முறை முதலிய வகுப்பறைப் பாடங்களோடு துப்பாக்கிப் பயிற்சி, வாகனம் ஓட்டுதல், தற்காப்பு, முதலுதவி போன்ற செய்முறைப் பயிற்சியும் அதில் அடங்கும். பட்டப் படிப்பையும் தொழிற்கல்வியையும் ஒரே கல்லூரியில் இணைத்தே படித்துவிடலாம் என்பதால், பள்ளி முடித்த மாணவருக்கு இது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட பாதை.

படிப்பு முடிந்ததும் வாரியத்தின் உரிமத் தேர்வை எழுத வேண்டும். அதில் தேறினால் உரிமம் கைக்கு வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், வருவதில்லை. தேறியவருக்குக் கிடைப்பது ‘உரிமம் பெறத் தகுதியுடையவர்’ என்ற நிலை மட்டுமே. அந்த நிலையில் அவர் யாரையும் கைது செய்ய முடியாது, காவல் சீருடை அணிய முடியாது, தன்னைக் காவலர் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஏதேனும் ஒரு காவல் துறை அவரைப் பணிக்குத் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்சத் தகுதிகள் அனைத்தும் அவரிடம் உள்ளன என்று வாரியத்துக்கு உறுதியளித்து விண்ணப்பித்த பிறகே உரிமம் உயிர் பெறும். இந்தத் தகுதி நிலை மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குள் வேலை கிடைக்காதவர் அதை நீட்டிக்க வாரியம் கேட்பவற்றை நிறைவேற்ற வேண்டியிருக்கும்.

அந்தக் குறைந்தபட்சத் தகுதிகளைச் சரிபார்ப்பது வேலைக்கு எடுக்கும் துறையின் கடமை. செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். கைரேகை எடுத்து மாநில அரசு, கூட்டரசு (மத்திய அரசு) ஆகியவற்றின் குற்றப் பதிவுகளில் தேட வேண்டும். முழுமையான பின்னணி விசாரணை நடத்த வேண்டும். மருத்துவப் பரிசோதனை, உளவியல் மதிப்பீடு, உடல் வலிமைச் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றையும் முடிக்க வேண்டும். பெருங்குற்றத் தண்டனை ஒன்று இருந்தாலும் கதவு மூடிவிடும். தாக்குதல், குடும்ப வன்முறை, திருட்டு, போதைப்பொருள் போன்ற சில குற்றங்களில், தண்டனை சிறியதாக இருந்தாலும் அதே நிலைதான். உரிமம் கிடைத்த பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 48 மணி நேரத் தொடர்கல்வி தேவை.

கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தும் முன்பே, மேலே சொன்ன தடைகளுள் ஏதேனும் மகனுக்குப் பொருந்துமா என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இரண்டாண்டுப் படிப்பை முடித்துத் தேர்வும் தேறிய பிறகு பின்னணி விசாரணையில் நின்றுபோகிறவர்களுடைய ஏமாற்றம் பெரிது.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் தம்பிக்கு 19 வயது. அவன் உரிமம் பெறலாமா?

பொதுவான வயது வரம்பு 21. இருந்தாலும் கல்லூரியில் 60 பருவ மணி (கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடங்களை முடித்தவரும், இரண்டாண்டுப் பட்டம் பெற்றவரும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் படைத்துறையில் முழுநேரப் பணியாற்றி நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டவரும் 18 வயதிலேயே உரிமத்துக்குத் தகுதி பெறலாம். தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், அவர் எத்தனை மணிப் பாடங்களை முடித்திருக்கிறார் என்பதே உங்கள் கேள்விக்கான விடை.

டெக்சாஸில் உரிமம் வழங்குவது மாநிலச் சட்ட அமலாக்க ஆணையம். அடிப்படைப் பயிற்சி 700 மணி நேரத்துக்கும் மேற்பட்டது. அதை முடித்தவர் உரிமத் தேர்வை எழுத மூன்று வாய்ப்புகள் தரப்படுகின்றன; மூன்றிலும் தவறினால் பயிற்சியை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குற்றப் பின்னணி, கைரேகை தொடர்பான சரிபார்ப்புகள் பயிற்சியில் சேரும்போதே தொடங்கிவிடுகின்றன என்பது இம்மாநில முறையில் எங்களுக்குப் பிடித்த அம்சம். பிறகு ஏமாறுவதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

கலிஃபோர்னியா எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. அங்கே 18-ஆக இருந்த குறைந்தபட்ச வயதை, 2021-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் 21-ஆக உயர்த்திவிட்டார்கள்.

கேள்வி: என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. என் நண்பர் எச்-1பி விசாவில் இருக்கிறார். எங்களில் யாருக்கேனும் காவல் பணி சாத்தியமா?

இந்தக் கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்போம். நியூயார்க் மாநிலக் காவல் படையில் சேர விரும்பிய வெளிநாட்டுப் பிரஜை ஒருவர், நிரந்தரக் குடியிருப்பு உரிமை தனக்கு இருந்தும் தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடிமக்களை மட்டுமே காவலராக்குவது மாநிலத்தின் உரிமை என்று தீர்ப்பளித்தது. மக்கள் மீது அரசின் அதிகாரத்தை நேரடியாகச் செலுத்தும் பதவி என்பதால், அதை அந்த அரசியல் சமூகத்தின் உறுப்பினர்களுக்கே ஒதுக்கலாம் என்பது தீர்ப்பின் அடிப்படை.

கவனியுங்கள்: ‘ஒதுக்கலாம்’ என்றுதான் நீதிமன்றம் சொன்னது, ‘ஒதுக்கியே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஆட்பற்றாக்குறை கடுமையாகியிருக்கும் இக்காலத்தில் சில மாநிலங்கள் அந்த விருப்புரிமையை மறுபக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. கலிஃபோர்னியாவில் 2023 தொடக்கத்திலிருந்து, கூட்டரசுச் சட்டப்படி அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி பெற்றவர் என்றாலே போதும். மின்னெசோட்டாவும் தன் விதியை அவ்வாறே தளர்த்தியது. இல்லினாய் மாநிலம் 2024 ஜனவரி முதல் இதைப் பின்பற்றுகிறது. ஆகவே கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு இம்மாநிலங்களில் சட்டத் தடை இல்லை. ஆனால் மாநிலம் வகுப்பது குறைந்தபட்சத் தகுதிகளை மட்டுமே. அதற்கு மேல் ஒரு நகரத் துறை கூடுதல் நிபந்தனைகளை விதிக்கக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் துறையின் அறிவிப்பைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரின் நிலை வேறு. எச்-1பி விசா ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில், சிறப்புப் பட்டப் படிப்பு தேவைப்படும் குறிப்பிட்ட பணிக்காகத் தரப்படுவது. ரோந்துக் காவலர் பணி அந்த வரையறைக்குள் வருவது அரிது. மேலும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதித்து, சில விலக்குகளை மட்டுமே அளிக்கிறது. கிரீன் கார்டு வரும்வரை அவர் பொறுத்திருப்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன்பு டெக்சாஸில், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாக என் மீது வழக்குப் பதிவாகித் தண்டனையும் பெற்றேன். அதன் பிறகு குடியையே விட்டுவிட்டேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாமா? பதின்ம வயதில் நடந்து, நீதிமன்ற ஆணையால் மறைக்கப்பட்ட ஒரு திருட்டு வழக்கைச் சொல்ல வேண்டுமா என்று மின்னெசோட்டாவிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு விடை, உங்கள் தண்டனை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. டெக்சாஸ் சட்டம் சிறுகுற்றங்களை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏ வகுப்புச் சிறுகுற்றத்திலோ அதைவிடப் பெரிய குற்றத்திலோ தண்டனை பெற்றவருக்குக் காவலர் உரிமம் எக்காலத்திலும் கிடையாது. பி வகுப்பு என்றால் பத்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். மது அருந்தி ஓட்டிய குற்றம் முதல்முறை என்றால் அது பொதுவாக பி வகுப்பு. ஆனால் இரத்தத்தில் மதுவின் அளவு 0.15 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அது ஏ வகுப்பாகிவிடும். எனவே உங்கள் தீர்ப்பு நகலை எடுத்து அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்று இருந்தால் இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ‘ஏ’ என்று இருந்தால் இந்த வழியை மறந்துவிட்டு வேறு பணியைப் பற்றி யோசிப்பதே நல்லது. சிறைக்குச் செல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள். ‘எனக்குத் தண்டனையே இல்லை, கண்காணிப்பு மட்டும்தான்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவரையும் நேற்றுவரை குடித்தவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் விதி நாட்காட்டியைத்தான் பார்க்கிறது.

மின்னெசோட்டா வாசகருக்கு: சொல்லியே ஆக வேண்டும். நீதிமன்றம் ஒரு பதிவை மறைத்துவிட்டால் வீட்டு உரிமையாளரும் கடை முதலாளியும் அதைக் காண முடியாது என்பது உண்மைதான். ஆனால் காவல் துறை போன்ற குற்றவியல் நீதித்துறை அமைப்புகள் தம்மிடம் வேலைக்கு வருவோரை மதிப்பிட அந்தப் பதிவைத் திறந்து பார்க்கச் சட்டம் இடமளிக்கிறது. இளவயதில் நடந்த ஒன்றைச் சொன்னவருக்கு அதை விளக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். சொல்லாமல் விட்டு, அவர்களே கண்டுபிடித்துவிட்டால், பழைய திருட்டைவிட இன்றைய மறைப்பே பெரிய குற்றமாகிவிடும்.

கேள்வி: என் கணவர் காவலர் பணிக்கு முயல்கிறார். முன்பு ஒரு குடும்பத் தகராறில் அவர் சிறுகுற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் மட்டும் கட்டினார். ‘இது சின்ன விஷயம்’ என்று அன்று வழக்கறிஞர் சொன்னாராம். இப்போது இது தடையாகுமா?

ஆகும், பெரும்பாலும் தாண்ட முடியாத தடையாகும். 1996-இல் கூட்டரசுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தத்தின்படி, குடும்ப வன்முறை சார்ந்த சிறுகுற்றத்தில் தண்டனை பெற்ற எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதை முன்மொழிந்த செனட்டரின் பெயரால் லாட்டன்பெர்க் திருத்தம் என்று அது வழங்கப்படுகிறது. துப்பாக்கி தொடர்பான வேறு பல தடைகளில், அரசுப் பணிக்காக வழங்கப்படும் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. இந்தத் தடைக்கு மட்டும் அந்த விலக்கை வேண்டுமென்றே தரவில்லை. காவலரும் படைவீரரும்கூட இதில் அடங்குவர். துப்பாக்கி ஏந்த முடியாதவருக்கு எந்த மாநிலமும் காவலர் உரிமம் தராது. டெக்சாஸ் தன் விதியிலேயே குடும்ப வன்முறைத் தண்டனையை எக்காலத்துக்குமான தடையாகத் தனியே குறிப்பிட்டிருக்கிறது.

இருந்தாலும் ஒரு நுட்பம் உண்டு. கூட்டரசுத் தடை பொருந்த வேண்டுமானால், அந்தக் குற்றத்தில் உடல் வலிமையைப் பயன்படுத்தியதோ, பயன்படுத்த முயன்றதோ, கொடிய ஆயுதத்தைக் காட்டி மிரட்டியதோ ஒரு கூறாக இருக்க வேண்டும். உங்கள் கணவர் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதை, அன்று வாதாடியவரைவிட இத்துறையில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். ஏற்கெனவே துப்பாக்கி ஏதும் வீட்டில் இருந்தால், அதைப் பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள். உரிமம் கிடைக்காமல் போவதைவிட அது பெரிய சிக்கல்.

கேள்வி: நான் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவான உயரமுள்ள பெண். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

உயரம் தடையன்று. அலபாமா சிறைக் காவலர் பணிக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் கேட்ட விதியை உச்ச நீதிமன்றம் 1977-இல் நீக்கியது. அந்த அளவு பெண்களில் பெரும்பகுதியினரை வெளியேற்றுகிறது, வேலைக்கு உண்மையில் தேவைப்படும் வலிமையோடு அதற்குள்ள தொடர்பும் நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அதன் பிறகு உயர அளவுகள் மெல்ல மறைந்து, ஓட்டம், தடை தாண்டல், பொம்மை உடலை இழுத்துச் செல்லல் போன்ற உடற்திறன் சோதனைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: உளவியல் தேர்வில் என்ன கேட்பார்கள்? பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்பார்கள் என்கிறார்களே, அது சட்டப்படி சரிதானா?

முதலில் முறையைப் புரிந்துகொள்ளுங்கள். 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மருத்துவத் தன்மை கொண்ட எந்தச் சோதனையையும் நிபந்தனையுடன் கூடிய பணி ஆணை ஒன்றைத் தந்த பிறகே நடத்தலாம். எனவே உளவியல் மதிப்பீடு வரை நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால், துறை உங்களை விரும்புகிறது என்று பொருள். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கணக்கான ‘ஆம், இல்லை’ வாக்கியங்கள் இருக்கும். மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-இல் வெளியான எம்எம்பிஐ என்னும் தேர்வின் பிற்காலப் பதிப்புகள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. அதன் பிறகு உளவியலாளர் நேரில் பேசுவார். தன்னைக் குறையே இல்லாத மனிதராகக் காட்டிக்கொள்ள முயல்பவரை அந்தத் தேர்வே தனியாக அடையாளம் காட்டிவிடும் என்பதால், ஒத்திகை பார்த்துச் செல்வதில் பயனில்லை. கலிஃபோர்னியா 2020-இல் இயற்றிய சட்டம் ஒன்றின்படி, இனம், பாலினம், மதம் முதலியவை குறித்த காழ்ப்பு உள்ளவரா என்பதையும் இம்மதிப்பீட்டில் பார்க்க வேண்டும். காழ்ப்பை எழுத்துத் தேர்வால் எந்த அளவுக்கு அளந்துவிட முடியும் என்பது வேறு கேள்வி.

பொய் கண்டறியும் கருவியைப் பொறுத்தவரை, தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் பெரும்பாலும் தடை செய்கிறது. அரசு அமைப்புகளுக்கு அத்தடை இல்லை. ஆனால் மின்னெசோட்டாவின் மாநிலச் சட்டம் வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் அதைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பல துறைகள் பயன்படுத்துகின்றன. அங்கே கருவியைவிட, அதற்கு முன்பு நிரப்பித் தரும் நீண்ட வினாத்தாளே முக்கியம். பல துறைகள் அதில் கஞ்சாவைப் பற்றியும் கேட்பதுண்டு. மாநிலச் சட்டம் அதை அனுமதித்திருந்தாலும் கூட்டரசுச் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே. கடைசியாக எப்போது என்ற கேள்விக்கு உண்மையான விடையை எழுதுங்கள்.

உண்மை ஏன் இவ்வளவு வற்புறுத்தப்படுகிறது என்பதற்கு ஒழுக்கத்தைத் தாண்டிய ஒரு காரணமும் உண்டு. அரசுத் தரப்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றுகளை மறைக்கக் கூடாது என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் செய்திகளும் அதில் அடங்கும் என்று 1972-இல் விரிவுபடுத்தியது. ஆகவே ஒருமுறை பொய் சொன்னதாகப் பதிவான காவலர் சாட்சிக் கூண்டில் ஏறும் ஒவ்வொரு வழக்கிலும் அந்தப் பொய்யை எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். சாட்சி சொல்லப் பயன்படாத காவலரை வைத்துக்கொண்டு துறை என்ன செய்யும்?

தேர்வு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில், 1996-இல் அறிவுத் தேர்வெழுதிய ஒருவர் 33 மதிப்பெண் பெற்றார். அந்நகரத் துறையோ 20 முதல் 27 வரை பெற்றவர்களை மட்டுமே நேர்முகத்துக்கு அழைத்தது. அதிகம் பெற்றவர்கள் வேலையில் சலித்து விரைவில் விலகிவிடுவார்கள் என்பது அதன் வாதம். அவர் வழக்குத் தொடுத்தார். எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியிருப்பதால் பாகுபாடு இல்லை என்று நீதிமன்றங்கள் அதைத் தள்ளுபடி செய்தன. மாநிலத்தின் தகுதி ஒன்று, ஊரின் தேர்வு வேறொன்று என்பதற்கு இதைவிட வேடிக்கையான எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: எனக்கு 41 வயது. மென்பொருள் துறையில் பட்டமும் அனுபவமும் உண்டு. காலம் கடந்துவிட்டதா?

மாநில உரிமத்தைப் பொறுத்தவரை மின்னெசோட்டாவிலும் டெக்சாஸிலும் மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் காவல் பணிக்கு மேல் வயது வரம்பு வைத்துக்கொள்ள மாநிலங்களையும் ஊர்களையும் கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. டெக்சாஸில் நகராட்சிக் குடிமைப் பணிச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நகரங்களில், 45 வயதை எட்டியவர் தொடக்க நிலைப் பணிக்கு வர முடியாது. உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. எஃப்பிஐ சிறப்பு முகவர் பணி கைநழுவிவிட்டது. 37-ஆம் பிறந்தநாளுக்குள் நியமனம் பெற வேண்டும் என்பது அங்கே பொது விதி.

மின்னெசோட்டாவில் இருப்பவரென்றால் உங்கள் பட்டம் வீணாகாது. வேறு துறையில் இரண்டாண்டு அல்லது நான்காண்டுப் பட்டம் முடித்தவர்கள் செறிவான காவல் கல்வியைப் பெறுவதற்கென 2023-இல் சட்டமன்றம் ஒரு திட்டத்தை உருவாக்கியது. ஊதியக் குறைவுக்கும் இரவுப் பணிக்கும் வீட்டில் உடன்பாடு உண்டா என்பதை மட்டும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: தவறு செய்து ஓர் ஊரில் நீக்கப்பட்ட காவலர் அடுத்த ஊரில் சேர்ந்துவிடுகிறார் என்று செய்திகளில் படிக்கிறோம். உரிமம் என்று ஒன்று இருந்தும் இது எப்படி நடக்கிறது?

நீக்கப்படுவது வேலையிலிருந்து, உரிமத்திலிருந்து அன்று. ஓர் ஊர் ஒருவரை வெளியேற்றினாலும், உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாநில அமைப்பிடமே இருக்கிறது. பல மாநிலங்களில் அந்த அமைப்பு நீதிமன்றத் தண்டனை வரும்வரை கைகட்டியே இருக்க வேண்டியிருந்தது. 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டபோது, கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற பெரிய மாநிலங்களிலேயே சான்றைப் பறிக்கும் அதிகாரம் இல்லை. கலிஃபோர்னியா 2021-இல் சட்டமியற்றி 2023 முதல் அதைச் செயல்படுத்தியது. மாசசூசெட்ஸ் 2020 இறுதியில் தனி ஆணையத்தை அமைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

தகுதிச் சோதனை தொடக்கத்திலேயே சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரம் சான்று. 2014 நவம்பரில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த தமீர் ரைஸ் என்னும் 12 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற காவலர், அதற்கு முன்பு பணியாற்றிய புறநகர்க் காவல் துறையில் பொருத்தமற்றவர் என்று மதிப்பிடப்பட்டு வெளியேறியவர். கிளீவ்லாந்து அவரை எடுத்தபோது அந்தப் பழைய கோப்பைப் பார்க்கவே இல்லை. 2017-இல் நகரம் அவரைப் பணிநீக்கம் செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது துப்பாக்கிச் சூடு அன்று, விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தது. அதன் பிறகும் சில சிறிய ஊர்கள் அவரைக் காவலராக எடுக்க முன்வந்தன; எதிர்ப்பு எழுந்ததால் எதுவும் நிலைக்கவில்லை.

சான்று பறிக்கப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டும் தேசியப் பட்டியல் ஒன்றை, மாநிலத் தர அமைப்புகளின் இயக்குநர்கள் சங்கம் நடத்திவருகிறது. பெயர்களைத் தருவது மாநிலங்களின் கையில் இருப்பதால், பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகிவிடாது. ஆளெடுக்கும் ஊர் பழைய ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கோப்பை வரவழைத்துப் படிப்பதற்கு ஈடாக எந்தப் பட்டியலும் இதுவரை வந்துவிடவில்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு முடிதிருத்துநருக்கு 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டுமாம், காவலருக்கு அதைவிடக் குறைவாமே?

மணிக்கணக்கு சரிதான். அங்கே காவலருக்கான அடிப்படைப் பயிற்சியின் குறைந்தபட்ச அளவு 664 மணி நேரம். பல பயிற்சிப் பள்ளிகள் அதைவிட அதிகமாகவே நடத்துகின்றன. அது முடிந்ததும் குறைந்தது பத்து வாரம் மூத்த அதிகாரியின் கண்காணிப்பில் களப்பயிற்சியும் உண்டு. ஆகவே ஒப்பீடு முழுமையானதன்று. ஆனாலும் அதைக் கேட்கும்போது நெருடத்தான் செய்கிறது; நெருடவும் வேண்டும்.

கேள்வி: வேறொரு மாநிலத்தில் ஐந்து ஆண்டுகள் காவலராக இருக்கிறேன். மின்னெசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தால் உரிமம் கூடவே வருமா?

வராது. ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநில எல்லையில் செல்லாது. எனினும் உங்கள் பயிற்சியையும் அனுபவத்தையும் வாரியம் ஏற்றுக்கொண்டால், காவல் தொழிற்கல்வியை மறுபடி படிக்காமல், வெளிமாநிலத்தவருக்கென உள்ள தேர்வை மட்டும் எழுதி ‘உரிமம் பெறத் தகுதியுடையவர்’ ஆகலாம். அதன் பிறகு உங்களுக்கும், கல்லூரி முடித்துவிட்டு வரிசையில் நிற்கும் இருபத்தொரு வயது இளைஞருக்கும் நிலை ஒன்றே: உங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காவல் துறை வேண்டும். இப்போதைய வேலையை விடும் முன்பே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்குங்கள். பழைய துறையிலுள்ள உங்கள் பணிக்கோப்பின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.